அந்த ஒரு மீற்றர் எங்கே இருந்தது?

மட்டக்குளி அப்பா:
பக்கத்து இழையில் பழைய மாணவர் சங்கத்துப் பெரியவர் ஒருவர் எழுதியிருப்பதை முதலில் அப்படியே இங்கே ஒட்டுகிறேன். “கொவிட் காலத்தில் பாடசாலை திரும்பத் திறந்தபோது எங்கள் கல்லூரியில் ஒரு மீற்றர் இடைவெளி ஒரு நாள்கூடத் தவறியதில்லை. கொழும்பில் வேறெந்தத் தமிழ்ப் பாடசாலையும் இப்படிச் செய்யவில்லை.”

இதை வாசித்ததிலிருந்து வயிறு எரிகிறது. என் மகன் அங்கேதான் படித்தான். 2021 நவம்பர் 8ஆம் திகதி 10 முதல் 13 வரையான தரங்களைத் திறந்தபோது அவன் தரம் 10. வகுப்பில் 44 பேர். பிரித்துப் பிரித்துத்தான் கூப்பிட்டார்கள், அது உண்மை. ஆனால் பிரித்த பிறகும் இவன் கையை நீட்டினால் பக்கத்துப் பொடியனின் கொப்பி எட்டும். அப்படியென்றால் ஒரு மீற்றர் எங்கே இருந்தது? வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள், கை கழுவ வைத்தார்கள், கன்டீனை மூடினார்கள், ஆசிரியர்கள் பாடுபட்டார்கள். எதையும் நான் மறுக்கவில்லை. அந்த ஒரு மீற்றரை மட்டும் சொல்லாதீர்கள்.

பழைய பொடியன் 87:
தம்பி, அந்தப் பெரியவர் நான்தான். பெயரை மறைத்து எழுதி எனக்கு மரியாதை தரத் தேவையில்லை.

ஒரு மீற்றர் இருந்தது. நான் அளந்தேன். 2020 மார்ச்சில் மூடிய பாடசாலை ஜூலை 6ஆம் திகதி 5, 11, 13 ஆம் தரங்களுக்குத் திறந்தது ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முந்திய சனி ஞாயிறு சங்கத்திலிருந்து நாலைந்து பேர் போய், அளவு நாடா பிடித்து, மேசைக்கால் வைக்கிற இடமெல்லாம் மஞ்சள் டேப் ஒட்டினோம். டேப் புறக்கோட்டையில் என் காசில் வாங்கியது. நிலத்தில் முழங்காலிட்டு ஒட்டின ஆள் நான். நீங்கள் வாசலில் மகனை இறக்கிவிட்டு முச்சக்கரவண்டியில் திரும்பிப் போன ஆள். வகுப்புக்குள் என்ன இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

மட்டக்குளி அப்பா:
என் மகனுக்குக் கண் இருக்கிறது ஐயா. அவன் சொன்னான்.

பழைய பொடியன் 87:
பதினைந்து வயதுப் பொடியன் சொன்னான் என்று அளவு நாடாவை மறுக்கிறீர்கள். சரி.

வெள்ளவத்தை அக்கா:
எனக்கு இந்தக் கல்லூரியோடு சம்பந்தம் இல்லை. என் மகள் காலி வீதியில் இன்னொரு பாடசாலை. அங்கேயும் டேப் ஒட்டினார்கள். தினமும் குளோரின் தண்ணீர் போட்டுத் துடைத்ததில் கொஞ்ச நாளிலேயே டேப் உரிந்து பிள்ளைகளின் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு விறாந்தை முழுக்கத் திரிந்தது. மகளின் சப்பாத்து அடியில் இருந்ததை நானே உரித்தெடுத்தேன். ஆகவே டேப் ஒட்டியதற்கும் இடைவெளி இருந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

பழைய பொடியன் 87:
உங்கள் பாடசாலை டேப் மலிவு டேப்பாக இருந்திருக்கும் தங்கச்சி. எங்களுடையது தொழிற்சாலைகளில் ஒட்டுகிற டேப்.

கணித டீச்சர்:
நான் அந்தக் கட்டடத்தில் அந்த நேரம் படிப்பித்தவள். சண்டை பெரிதாக முன் ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன், பாருங்கள்.

வகுப்பறை 25 அடிக்கு 20 அடி. ஏறக்குறைய 7.6 மீற்றருக்கு 6.1 மீற்றர். கரும்பலகைப் பக்கம் ஆசிரியருக்கு ஒன்றரை மீற்றர் விட்டால் மிச்சம் 6.1க்கு 6.1. மேசை அகலம் 60 சென்ரிமீற்றர். மேசையும் கதிரையும் சேர்ந்து முன்பின்னாக 90 சென்ரிமீற்றர். ஒரு மேசை விளிம்பிலிருந்து அடுத்த மேசை விளிம்புக்கு ஒரு மீற்றர் விட்டால் குறுக்கே 4 பேர், நெடுக்கே 3 பேர், மொத்தம் 12 பிள்ளைகள். தலையிலிருந்து தலைக்கு ஒரு மீற்றர் என்றால் குறுக்கே 6, நெடுக்கே 6, மொத்தம் 36. அதே அறை, அதே ஒரு மீற்றர். எங்கிருந்து எங்கே அளந்தீர்கள் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டால் இந்த இழை இன்றைக்கே முடியும்.

மட்டக்குளி அப்பா:
டீச்சர், எங்கிருந்து அளந்தாலும் ஒரு மீற்றர் ஒரு மீற்றர்தான்.

பழைய பொடியன் 87:
டீச்சர், மரியாதையோடு கேட்கிறேன். 25 அடி என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்த மாடியில் அறைகளுக்கு நடுவே சுவரே கிடையாது, பலகைத் தட்டிதான். நாங்கள் படிக்கும்போது தட்டி இரண்டாம் தூணுக்கு நேராக நின்றது. பிறகு யாரோ ஒரு அதிபர் காலத்தில் தள்ளிப் போட்டார்கள். ஆகவே ஒரு அறை 25 அடிக்குக் கூட, பக்கத்து அறை குறைய. முதலில் எந்த அறை என்று சொல்லிவிட்டு அல்லவா கணக்குப் போட வேண்டும்?

கணித டீச்சர்:
தட்டியை ஒரு அடி தள்ளினாலும் விடையின் போக்கு மாறாது ஐயா. நான் கேட்டது அளந்த முறையை.

பழைய பொடியன் 87:
சரியான முறையில் அளந்தோம்.

2021 பேட்ச்:
சேர், அங்கிள், ஒரு விஷயம். நான் அப்போது உயர்தரம். சேர் டேப் ஒட்டியது 2020 ஜூலையில். அது ஒரு கிழமைதான் நின்றது. கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்தில் தொற்று என்று ஜூலை 13ஆம் திகதி திரும்ப மூடினார்கள், 27ஆம் திகதிதான் மறுபடி போனோம். ஒக்டோபரில் மினுவாங்கொடையில் தொற்று வெடித்ததும் மறுபடி மூடல். 2021 ஜனவரியில் மற்ற மாகாணங்கள் திறந்தபோதும் கொழும்பு இருக்கிற மேல் மாகாணம் மூடித்தான் இருந்தது. ஏப்ரல் கடைசியில் திரும்பவும் மூடல். அங்கிள் சொல்வது அதற்கெல்லாம் பிறகு, 2021 நவம்பர். இரண்டு பேரும் வேறு வேறு திறப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். நவம்பரில் அந்த டேப் நிலத்தில் இருக்கவில்லை. பசை அடையாளம் மட்டும் கறுப்பாக இருந்தது.

பழைய பொடியன் 87:
தம்பி, கல்லூரி விளையாட்டுப் போட்டியில் நீ எந்த இல்லம்?

2021 பேட்ச்:
அதற்கும் இதற்கும் என்ன சேர்?

பழைய பொடியன் 87:
கேட்டதற்குப் பதில் இல்லை பாருங்கள். கறுப்பாகப் பசை அடையாளம் இருந்தது என்கிறாய். நல்லது. அந்த அடையாளத்தில்தான் மேசையை வைக்க வேண்டும். டேப் போனாலும் இடம் போகாது. நீயே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டாய்.

மட்டக்குளி அப்பா:
பசை அடையாளத்தில் 15 மேசை இருக்கலாம். வந்தது 22 பிள்ளைகள். மிச்ச ஏழு பேரும் எங்கே இருந்தார்கள், மின்விசிறியிலா?

பழைய பொடியன் 87:
22 பேர் வந்ததாக யார் சொன்னது? 2022 தொடக்கத்தில் அமைச்சு தெளிவாகச் சொன்னது: வகுப்பில் 20 பேர் வரை என்றால் எல்லாரும் தினமும். 21 முதல் 40 வரை என்றால் இரண்டு பிரிவு, ஒரு வாரம் இவர்கள், அடுத்த வாரம் அவர்கள். 40ஐத் தாண்டினால் மூன்று பிரிவு. உங்கள் மகன் வகுப்பில் 44 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 44ஐ மூன்றால் பிரித்தால் 15க்குக் கிட்ட. என் டேப்புக்கு அது கச்சிதம். சட்டம் மூன்று பிரிவு என்கிறது, அப்புறம் 22 எங்கிருந்து வந்தது?

மட்டக்குளி அப்பா:
சட்டம் மூன்று பிரிவு என்றது. மூன்று பிரிவு என்றால் பிள்ளை மூன்று கிழமைக்கு ஒரு கிழமைதான் வகுப்பைக் காண்பான். பெற்றோர் போய்க் கத்தினார்கள். நானும் கத்தினேன். இரண்டு பிரிவாக்கினார்கள். 22. கடதாசியில் என்ன எழுதினார்களோ எனக்குத் தெரியாது, கதிரையை எண்ணினால் 22.

வெள்ளவத்தை அக்கா:
அப்போ நீங்களே போய்க் கத்தி இடைவெளியைக் குறைத்துவிட்டு, இப்போது இடைவெளி இல்லை என்று இழை திறந்திருக்கிறீர்கள். அருமை.

மட்டக்குளி அப்பா:
அக்கா, நான் இடைவெளி வேண்டும் என்று இங்கே அழவில்லை. இருந்தது என்று பொய் சொல்லாதீர்கள் என்கிறேன்.

கணித டீச்சர்:
அந்த மாதங்களில் என்ன நடந்தது என்று யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் எழுதவில்லை.

ஒரே திரிகோணகணிதப் பாடத்தை ஒரு கிழமை முதல் பிரிவுக்கு, அடுத்த கிழமை இரண்டாம் பிரிவுக்கு. இரண்டாம் பிரிவு முடியும்போது முதல் பிரிவு சைன், கோசைன் எல்லாம் மறந்து வரும். வீட்டில் இருக்கிற பிரிவுக்குக் கரும்பலகையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட வேண்டும். கைபேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், பிள்ளை இரவு ஒன்பது மணிக்குத்தான் பார்க்கும், ஒன்பதரைக்கு எனக்குக் கேள்வி வரும். முகக்கவசத்துக்குள்ளிருந்து கத்தி முதலாம் பாடவேளையிலேயே தொண்டை கட்டிவிடும். காற்று வர ஜன்னலைத் திறந்தால் பஸ் சத்தம். பின் வரிசைப் பிள்ளை வாய் அசைகிறதா என்றுகூடத் தெரியாது, கண்ணைப் பார்த்து விளங்கியதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். முன்பெல்லாம் சும்மா ‘விளங்கிற்றா?’ என்று கேட்டால் முகத்தில் பதில் இருக்கும்.

நீங்கள் டேப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

பழைய பொடியன் 87:
டேப்பைப் பற்றித்தான் பேச வேண்டும் டீச்சர், ஏனென்றால் குற்றச்சாட்டு டேப்பைப் பற்றியது. நான் பொய் சொல்கிறேன் என்று ஒருவர் பகிரங்கமாக எழுதியிருக்கிறார்.

மட்டக்குளி அப்பா:
டீச்சர் கஷ்டப்பட்டதை மறுக்கவில்லை. ஆனால் 2021 ஜூலை 12ஆம் திகதி சூம் வகுப்பையும் நிறுத்திவிட்டு நூறு நாளுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததை யாரும் எழுத மாட்டீர்கள். ஒக்டோபர் 21ஆம் திகதி 200 பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகளைத் திறக்கிறோம் என்று அரசாங்கம் சொன்னது. ஆசிரியர் சங்கங்கள் ‘நாங்கள் 25ஆம் திகதிதான் வருவோம்’ என்றன. பிள்ளை வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

கணித டீச்சர்:
இதற்காகவே காத்துக்கொண்டிருந்தீர்கள் போல. 2020 மார்ச்சிலிருந்து அந்த ஜூலை வரை சூமுக்கு டேட்டா யார் போட்டது? அமைச்சா? என் சம்பளம். மடிக்கணினி? என் தம்பியுடையது. 24 வருடச் சம்பள முரண்பாட்டைக் கேட்டால் பிள்ளைகளின் எதிரி. உங்கள் வேலையிடத்தில் சொந்தக் காசில் டீசல் அடித்து லொறி ஓட்டச் சொன்னால் எத்தனை மாதம் ஓட்டுவீர்கள்?

மட்டக்குளி அப்பா:
நான் லொறி ஓட்டுகிறேன் என்று யார் சொன்னது? மட்டக்குளி என்றாலே லொறிதானா? துறைமுகத்தில் எழுதுவினைஞர் நான்.

கணித டீச்சர்:
உதாரணத்துக்குச் சொன்னேன்.

மட்டக்குளி அப்பா:
வெள்ளவத்தையில் இருந்து எழுதியிருந்தால் உதாரணத்துக்கு லொறி வந்திருக்காது.

வெள்ளவத்தை அக்கா:
என்னை எதற்கு இழுக்கிறீர்கள்?

மட்டக்குளி அப்பா:
இழுக்காமல் என்ன செய்வது? 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்று என்றதும் மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் எல்லாம் வேலி போட்டு மூடினார்கள். கிழமைக் கணக்கில் உள்ளே கிடந்தோம். திறந்த பிறகும் ‘வடகொழும்புப் பிள்ளைகளைத் தனி வரிசையில் இருத்துங்கள்’ என்று பெற்றோர் குழுவில் குரல் பதிவு போட்டது எந்தப் பக்கத்து ஆட்கள்? அந்தப் பதிவு இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் அன்றைக்கு ஒரு மீற்றர் கிடைத்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளவத்தை அக்கா:
நான் போடவில்லை. எங்கள் பாடசாலையே வேறு என்று மேலே எழுதியிருக்கிறேன். வெள்ளவத்தையிலும் தொடர்மாடிகளைப் பூட்டினார்கள். லிப்ட் பொத்தானை ஈர்க்கால் அமுக்கிக்கொண்டு இருந்தோம். உங்களுக்கு மட்டும்தான் துன்பம் வந்தது போல எழுத வேண்டாம்.

கனடா கந்தர்:
வணக்கம். 79இல் அதே கல்லூரியில் படித்தவன். இங்கே ஒன்ராறியோவில் 2 மீற்றர். ஒன்று அல்ல. ஊரில் எப்போதும் பாதிதான்.

பழைய பொடியன் 87:
வாருங்கள் அண்ணே. 2 மீற்றர் எழுதி வைத்திருந்தீர்கள். 2021 ஏப்ரலில் மூடிய பாடசாலைகளைக் கோடை முடியும் வரை திறக்கவேயில்லையே உங்கள் மாகாணத்தில். பூட்டின பாடசாலையில் 2 மீற்றர் என்ன, 2 மைலும் விடலாம். நாங்கள் ஒரு மீற்றர் விட்டுத் திறந்து நடத்தினோம்.

கனடா கந்தர்:
சங்கத்துக்கு நான் அனுப்பிய காசுக்கு இன்னும் பற்றுச்சீட்டு வரவில்லை என்பதையும் இந்த இடத்தில் ஞாபகப்படுத்துகிறேன்.

பழைய பொடியன் 87:
அது பொருளாளரிடம் கேட்க வேண்டியது. இழையைத் திசை திருப்ப வேண்டாம்.

2021 பேட்ச்:
சேர், கை கழுவும் தொட்டி அந்தக் காசில் கட்டியதா? கேட்கக் காரணம், தொட்டியில் குழாய்கள் ஆறு, அதில் தண்ணீர் வந்தது இரண்டில். ஆனால் மேலே பளிங்குக் கல்லில் சங்கத்துப் பெயர்கள் எல்லாம் பொன் எழுத்தில் இருக்கின்றன. இடைவேளையில் இரண்டு குழாய்க்கு வரிசை நின்றோம். அந்த வரிசையில் ஒரு மீற்றர் விட்டிருந்தால் வால் காலி வீதிக்குப் போயிருக்கும்.

பழைய பொடியன் 87:
தண்ணீர் வராதது தொட்டியின் குற்றம் அல்ல, அமுக்கம் இல்லாததன் குற்றம். மேல்மாடித் தாங்கி பழசு. சங்கம் அதைப் பற்றியும் கடிதம் கொடுத்தது. உன் பேட்ச் இதுவரை கல்லூரிக்கு என்ன கொடுத்தது என்று ஒரு பட்டியல் போடு பார்ப்போம். பளிங்குக் கல்லில் பெயர் இருப்பது உங்களைப் போன்றவர்கள் பின்னால் வந்து ‘யார் செய்தது’ என்று கேட்பீர்கள் என்பதால்தான்.

இனி நான் சட்டத்தையே சொல்லிவிடுகிறேன். 2020 ஒக்டோபர் நடுவில் விசேட வர்த்தமானி வந்தது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ். பொது இடத்தில் முகக்கவசம் கட்டாயம், இரண்டு ஆட்களுக்கிடையே ஒரு மீற்றருக்குக் குறையாத இடைவெளி கட்டாயம், மீறினால் 10,000 ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை. அப்படி ஒரு சட்டம் இருக்கும்போது அதிபர் ஒருவர் 22 பிள்ளைகளை அடைத்து வைத்துத் தன் வேலையைத் தொலைப்பாரா? பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு குறையும் எழுதவில்லை. ஆகவே ஒரு மீற்றர் இருந்தது.

மட்டக்குளி அப்பா:
பரிசோதகர் வந்த அன்று எத்தனை பிள்ளை வந்தது என்று கேளுங்கள்.

பழைய பொடியன் 87:
வந்த பிள்ளைகளுக்கிடையே ஒரு மீற்றர் இருந்தது. அதுதான் என் பேச்சு.

கணித டீச்சர்:
‘இரண்டு ஆட்களுக்கிடையே’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மேசைக்காலிலிருந்து அளந்து டேப் ஒட்டியது ஏன்? தலைக்குத் தலை என்றால் நான் சொன்ன 36 கணக்கு. 22 பிள்ளைகளும் தாராளமாகக் கொள்ளும். இரண்டு பேருமே சரியாக இருக்க இடம் இருக்கிறது, ஆனால் இரண்டு பேருக்கும் அது வேண்டாம்.

பழைய பொடியன் 87:
22 பிள்ளைகள் வரவில்லை டீச்சர். வராத பிள்ளைகளுக்கு நீங்கள் எதற்குக் கதிரை போடுகிறீர்கள்?

மட்டக்குளி அப்பா:
தாராளமாகவா? டீச்சரும் அந்தப் பக்கம் போய்விட்டார்.

வெள்ளவத்தை அக்கா:
ஒரு கேள்வி. பாடசாலையில் இவ்வளவு அளந்தீர்கள். அதே பிள்ளைகள் பின்னேரம் ரியூசனுக்குப் போனார்களே, அங்கே யார் அளந்தது? ஒரே வாங்கில் ஐந்து பேர். வகுப்பு மாஸ்டர் மேடையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். பிள்ளைகள் நெத்தலி அடுக்கினது போல. ஒரு கிழமை பாடசாலைக்கு வராத பிரிவும் அங்கே வந்தது, வந்த பிரிவும் அங்கே வந்தது. இரண்டு பிரிவும் அங்கேதான் சந்தித்துக்கொண்டன.

2021 பேட்ச்:
உண்மை. எங்கள் பரீட்சை 2021 ஆகஸ்டில் நடக்க வேண்டியது, தள்ளித் தள்ளி 2022 பெப்ரவரி 7ஆம் திகதிதான் தொடங்கியது. ரியூசன் இல்லாவிட்டால் பாதிப் பேர் பௌதிகவியல் பாடத்திட்டத்தின் கடைசி அலகுகளைக் கண்டே இருக்க மாட்டோம். பைசர் ஊசி போட வரிசை நின்ற இடத்தில்கூட நோட்ஸ் கைமாறியது.

பழைய பொடியன் 87:
ரியூசன் வகுப்புக்கு எங்கள் கல்லூரி பொறுப்பில்லை. ரியூசனில் ஒரு மீற்றர் இல்லை என்பதால் கல்லூரியில் ஒரு மீற்றர் இல்லை என்று ஆகாது. இது தர்க்கமா? எங்கள் காலத்தில் விவாத அணியில் இப்படிப் பேசியிருந்தால் மேடையை விட்டு இறக்கியிருப்பார்கள். 87இல் நாங்கள் இறுதிச் சுற்று வரை போனோம்.

கனடா கந்தர்:
இறுதிச் சுற்றில் தோற்றீர்கள்.

பழைய பொடியன் 87:
நடுவர் ஒருவர் எதிரணிப் பாடசாலையின் பழைய மாணவர். அது எல்லாருக்கும் தெரியும்.

மட்டுறுத்துநர்:
கல்லூரியின் பெயரையும் ஆசிரியர்களின் பெயரையும் யாரும் போட வேண்டாம். போட்ட ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். தலைப்பு கொவிட் காலப் பாடசாலை. விவாத அணி அல்ல.

வெள்ளவத்தை அக்கா:
மட்டுறுத்துநரே, தலைப்புக்கே வருகிறேன். இந்த அளவெல்லாம் எத்தனை மாதத்துக்கு? 2022 மார்ச்சில் கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. ஜூன் 20ஆம் திகதி பெற்றோல் இல்லை என்று கொழும்புப் பாடசாலைகளை மூடினார்கள். ஜூலை 25ஆம் திகதி திறந்தபோது கிழமைக்கு மூன்று நாள்தான். அதற்குள் ஒரு மீற்றர் எல்லாருக்கும் மறந்துவிட்டது. பெற்றோல் வரிசையில் வாகனங்களுக்கு இடையில்தான் மிச்சம் இருந்தது. நீங்கள் இருவரும் மட்டும் இன்னும் அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

மட்டக்குளி அப்பா:
அந்த வரிசையில் இரவிரவாக நின்றவன் நான் அக்கா. எனக்கு வரிசையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

பழைய பொடியன் 87:
எனக்கும் எடுக்க வேண்டாம்.

நான் சொல்ல வந்ததை யாருமே கேட்கவில்லை. கொழும்பில் தமிழ்ப் பாடசாலை நடத்துவது லேசான காரியமா? இடம் இல்லை, விளையாட்டுத் திடல் இல்லை, நெருக்கிக் கட்டிய மாடிக் கட்டடம். கொழும்பில் இருக்கிற பெரிய பாடசாலைகள் மைதானத்தில் கூடாரம் போட்டு வகுப்பு வைக்கலாம். எங்களுக்கு மைதானமே வாடகை. அப்படி ஒரு இடத்தில், நிலத்தில் டேப் ஒட்டி, மேசையை எண்ணி, பிள்ளைகளை முன்வாசலால் உள்ளே விட்டுப் பின்வாசலால் வெளியே விட்டு, காலைக்கூட்டத்தை நிறுத்தி ஒலிபெருக்கியில் தேவாரம் போட்டு, சாப்பாட்டு நேரம் ஒவ்வொருவரும் தன் மேசையிலேயே சாப்பிட வைத்து நடத்திக் காட்டினோம். அதைப் பார்த்து ஒருவர்கூட ‘சபாஷ்’ சொல்லவில்லை. ஒருவர் வந்து ‘மின்விசிறியிலா இருந்தார்கள்’ என்கிறார். மனசு நோகாதா?

2021 பேட்ச்:
தன் மேசையிலேயே சாப்பிட்டோம் சேர், உண்மை. மேசைகளைத்தான் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். மிஸ் கதவடிக்கு வருகிற சத்தம் கேட்டதும் திரும்ப இழுத்துவிடுவோம். இரண்டு கிழமை வீட்டில் கிடந்துவிட்டு வந்தவனிடம் ஒரு மீற்றர் தள்ளி நின்று பேசு என்றால் நடக்கிற காரியமா?

மட்டக்குளி அப்பா:
பார்த்தீர்களா! மேசையைச் சேர்த்தார்களாம்! ஒரு மீற்றர் எங்கே?

பழைய பொடியன் 87:
ஏன் திரும்ப இழுத்தார்கள்? இழுத்து வைக்க ஒரு இடம் இருந்ததால். அந்த இடத்தை யார் குறித்தது?

கணித டீச்சர்:
கதவடிக்கு வந்தவள் நான். மேசைக்கால் நிலத்தில் உரசும் சத்தம் மாடிப்படியிலேயே கேட்கும். சத்தமாகச் செருமிக்கொண்டுதான் வருவேன்.

மட்டக்குளி அப்பா:
ஆசிரியரே அனுமதித்திருக்கிறார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள் எல்லாரும்.

கணித டீச்சர்:
அனுமதித்தேன் என்று நான் எழுதவில்லை. செருமினேன் என்று எழுதினேன். தொண்டை கட்டியிருந்தது என்று மேலேயே சொல்லியிருக்கிறேன்.

கனடா கந்தர்:
பற்றுச்சீட்டு?

பழைய பொடியன் 87:
அண்ணே, பொருளாளருடைய இலக்கம் உங்களிடம் இருக்கிறது.

சரி, கடைசியாக ஆதாரத்தையே தருகிறேன். கீழே படம் இணைத்திருக்கிறேன், நாங்களே எடுத்தது. நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மேசை, மஞ்சள் டேப், பக்கத்தில் விரித்து வைத்த அளவு நாடா. நூறு சென்ரிமீற்றர். இலக்கம் தெளிவாகத் தெரிகிறது. இனி யாராவது வாயைத் திறப்பதென்றால் இந்தப் படத்துக்குப் பதில் சொல்லிவிட்டுத் திறக்கலாம்.

2021 பேட்ச்:
சேர், பின்னால் சுவரில் ஆவர்த்தன அட்டவணை தொங்குகிறது. மேசையில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. இது இரசாயன ஆய்வுகூடம். அந்த மேசைகள் சீமெந்தில் கட்டியவை, அவற்றைக் கிட்ட வைக்க நினைத்தாலும் முடியாது.

மட்டக்குளி அப்பா:
ஆய்வுகூடமா!!! கட்டின மேசைக்கு நடுவில் நாடாவை வைத்துப் படம் எடுத்துவிட்டுத்தான் இவ்வளவு நேரமும் கதைத்தீர்களா?

பழைய பொடியன் 87:
ஆய்வுகூடத்திலும் பாடம் நடந்தது. பாடம் நடக்கிற இடம் வகுப்பறை. அங்கே ஒரு மீற்றர் இருந்தது என்று படமே சொல்கிறது. மற்ற அறைகளின் படங்கள் செயலாளருடைய பழைய கைபேசியில் இருக்கின்றன, திரை உடைந்து கிடக்கிறது, திருத்தக் கொடுத்திருக்கிறார். வந்ததும் ஒவ்வொன்றாகப் போடுவேன். அதுவரை இழையைப் பூட்ட வேண்டாம் என்று மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மட்டக்குளி அப்பா:
போடுங்கள். நானும் மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திவைக்கிறேன். அறைக்கு அறை அவன் சொல்வான்.

கணித டீச்சர்:
போடும்போது தட்டி எந்தத் தூணுக்கு நேராக நிற்கிறது என்பதும் தெரிகிற மாதிரிப் போடுங்கள் ஐயா.